பெரிய திரையில் தலைவர் கையெழுத்து

மில்லில் அவனுக்கு மூணுவிரல் என்றே பெயர். வலது கையின் மற்ற இரண்டு விரல்களையும் பஞ்சு மெஷின் தின்றுவிட்டது. பாதுகாப்பு மூடி கழற்றிய மெஷின். அதை அவனே கழற்றினான் என்று விசாரணையில் கூசாமல் சாட்சி சொன்னவர் யார் தெரியுமா? தொழிலாளர் சங்கத் தலைவர்! வேலை போனது. மேல் விசாரணை நாளைக்கு. அதிலும் தோற்றால் வேலையை அடியோடு மறந்துவிட வேண்டியதுதான். நிர்வாகம்தான் மூடியைக் கழற்றச் சொன்னது என்பதற்கு அவனிடம் ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை.

இந்த அழகில் தலைவரின் வாழ்க்கையைப் படமாக வேறு எடுத்திருந்தார்கள். தயாரிப்பாளர், மில் முதலாளியின் மச்சான். கேட்கவே வேண்டாம்.

"போய்ப் பாத்துட்டு வரலாங்க" என்றாள் மனைவி. "அந்தாள் மூஞ்சி அவ்வளவு பெருசா தெரிஞ்சா திட்ட வசதியா இருக்கும்."

தியேட்டரில் படம் தொடங்குமுன் தலைவர் மைக்கைப் பிடித்தார். "இதுல எல்லாமே அசல்! ஒப்பந்தப் பேப்பரைக்கூட என் பீரோவுலேர்ந்துதான் எடுத்துக் குடுத்தேன். என் கையெழுத்து நல்லா பெருசா தெரியணும்னு சொல்லிட்டேன்!"

படத்தில் தலைவர், அடிபட்ட தொழிலாளியைத் தோளில் சுமந்துகொண்டு கொட்டும் மழையில் ஓடினார். அடப்பாவி! அன்றைக்கு மூணுவிரலைச் சுமந்தது பஞ்சுத் தள்ளுவண்டி. தலைவர் முதலாளியின் ஏசி அறையில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். இப்போது முன்வரிசையில், தன் நல்ல மனதைப் பார்த்துத் தானே உருகி மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தார்.

அடுத்தது எட்டு மணி நேர வேலைக்காகப் போராடி வென்று கையெழுத்திடும் காட்சி. பீரோ பேப்பர் திரை முழுக்க விரிந்தது. ஒரே கைதட்டல். மூணுவிரல் மட்டும் எழுத்துக்கூட்டிப் படித்தான். 'உற்பத்தி வேகத்துக்காக மெஷின் மூடிகளைக் கழற்றி ஓட்டச் சங்கம் சம்மதிக்கிறது.' கீழே தலைவர் கையெழுத்து. விபத்துக்கு இரண்டு மாதம் முந்தைய தேதி.

கையெழுத்துப் போடுகிற காகிதத்தைப் படித்துப் பார்க்கும் கெட்ட பழக்கம் தலைவருக்கு என்றைக்குமே இருந்ததில்லை.

"ஏய், போனை எடு, போனை எடு!" மனைவியின் தோளை உலுக்கினான். அவள் ஏற்கெனவே எடுத்துவிட்டிருந்தாள், நான்கு படம்.

வாசலில் தலைவர் கும்பிட்டபடி நின்றிருந்தார். "என்னப்பா மூணுவிரலு, படம் எப்படி?"

"உங்க கையெழுத்து பிரமாதம் தலைவரே" என்றான் அவன். "நாளைக்கு விசாரணையிலயும் போட்டுக் காட்டப் போறேன். நீங்களும் கட்டாயம் வந்துருங்க."