பிரிக்காத தந்தி

இது கட்டுக்கதை இல்லை. கட்டுவதாக இருந்தால் இதைவிட நன்றாகவே கட்டியிருப்பேன். மேனாம்பேட்டில் செங்கல்வராயன் வீடு எது என்று யாரைக் கேட்டாலும் காட்டுவார்கள். நான் சொல்லும் தேதியும் மணியும் அவன் வாயால் சொன்னவை.

1972 ஆகஸ்ட். அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டிக்கொண்டிருந்த அவனை, புது மெஷின் பழகி வர மூன்று வாரம் சிங்கப்பூருக்கு அனுப்பினார்கள். கூடப் போனவன் ஆவடி வீரராகவன். இரண்டு பேரும் அதுவரை திருவள்ளூரைத் தாண்டாதவர்கள். கிளம்பிய அன்று பெண்டாட்டி தாயம்மாவுக்கு லேசாகக் காய்ச்சல். பச்சைப் புடவை கட்டிக்கொண்டு ஸ்டேஷன் வரை வந்தாள். "எனுக்கு ஒண்ணுமில்ல. அந்த ஊரு எப்டி கீதுன்னு நல்லா பாத்துகினு வந்து சொல்லு" என்றாள்.

எங்கே பார்ப்பது? பத்தொன்பது நாளும் ஷெட், விடுதி, ஷெட் என்றே போயிற்று. 26ஆம் தேதி சனிக்கிழமை. இன்று ராத்திரியாவது ஊர் சுற்றிவிடுவது என்று இரண்டு பேரும் தலைசீவிக் கிளம்பினார்கள்.

சாயங்காலம் 5.40. விடுதிக்காரர் செங்கல்வராயன் கையில் ஒரு தந்தியைக் கொடுத்தார்.

தந்தி என்றால் அன்றைக்கு மேனாம்பேட்டில் ஒரே அர்த்தம்தான். சாவு. அவன் அப்பா வேம்புலி இரண்டு வருஷமாகப் படுத்த படுக்கை. "நைனாவுக்கு இன்னா ஆனாலும் நான் பாத்துக்கறேன், நீ போ" என்று தம்பி லட்சுமணன் சொல்லித்தான் அனுப்பியிருந்தான். ஆக, விஷயம் அதுதான் என்று அவனே முடிவு கட்டிவிட்டான்.

பிரித்தால் தீட்டு. தலை முழுக வேண்டும். வெளியில் சாப்பிடக் கூடாது. ஆட்டம், பாட்டம் எதையும் பார்க்கக் கூடாது. பிரிக்காவிட்டால்? தூரதேசத்தில் இருப்பவனுக்குச் சேதி காதில் விழுந்த பிறகுதான் தீட்டு என்பது அவர்கள் வழக்கம். பெரியவர்கள் சொல்லி வைத்த அந்த வழக்கத்தைக் குறுக்கு வழியாக்கிக்கொண்டான்.

"இன்னா மச்சான் அது?" என்றான் வீரராகவன்.

"கம்பெனி பேப்பர்."

நாலாக மடித்துப் பாக்கெட்டில் வைத்தான். திரும்பி வந்து பிரித்துக்கொள்ளலாம், போன உயிர் எங்கே போகப்போகிறது என்று நினைத்தான். பாவி, நினைத்தானே!

மணி 8.15. பகலில் கார் நிறுத்தும் மைதானம், ராத்திரியில் சாப்பாட்டுக் கடைகளாக மாறியிருந்தது. எங்கும் விளக்கு, புகை, எண்ணெய் பொரியும் சத்தம். நூடுல்ஸ் இரண்டு என்று விரல் காட்டினார்கள். கடைக்காரச் சீனத்தி மூன்று கிண்ணம் கொண்டுவந்து வைத்தாள்.

"நாங்க ரெண்டு பேருதாம்மா."

அவள் செங்கல்வராயனுக்குப் பக்கத்தில் இருந்த காலி ஸ்டூலைக் காட்டிச் சிரித்துவிட்டுப் போய்விட்டாள். குச்சியால் எடுத்துத் தின்னத் தெரியாமல் இரண்டு பேரும் சட்டையெல்லாம் சிந்திக்கொண்டார்கள். செங்கல்வராயன் விழுந்து விழுந்து சிரித்தான். சிரிப்பு பாதியில் நின்றது. ஒரே சட்டியிலிருந்து ஊற்றிய மூன்று கிண்ணத்தில் இரண்டில்தான் ஆவி பறந்தது. மூன்றாவது சில்லிட்டுக் கிடந்தது...

மணி 9.10. ஆற்றங்கரை. தண்ணீரில் படகு விளக்குகள் ஆடின. வீரராகவன் முன்னால் நடந்தான். செங்கல்வராயனுக்குப் பின்னால் ஒரு சத்தம்.

"ஹ்ஹா... ஹ்ஹா..."

வேகமாக நடக்கிறவர்களுக்கு ஈடுகொடுக்க முடியாமல் யாரோ மூச்சு வாங்குவது போல. நின்றான். சத்தமும் நின்றது. திரும்பினான். யாரும் இல்லை. பாக்கெட்டைத் தொட்டுப் பார்த்தான். அப்பாதான் கூட வருகிறார் என்று நினைத்துக்கொண்டான். அப்போதாவது பிரித்திருக்கலாம்...

மணி 9.50. ஒரு தெருவில் மேடை போட்டுச் சீனக் கூத்து. முகத்தில் சாயம், தலையில் இறகு. கூட்டம் பின்னால் நெரிந்தது. முன் வரிசையில் மட்டும் எட்டுச் சிவப்பு நாற்காலிகள் காலி.

"அங்க குந்தலாம் வா மாமே" என்று வீரராகவன் இழுத்தான்.

டீ விற்றுக்கொண்டிருந்த தமிழர் பாய்ந்து வந்து தடுத்தார். "அங்கே உட்காராதீங்க! இது சீனர்களுக்குப் பேய் மாசம். அந்த வரிசை செத்தவங்களுக்கு."

இரண்டு பேரும் பின்வாங்கினார்கள்.

மணி பத்து.

தாளம் சட்டென்று நின்றது.

முன் வரிசையில்... மூன்றாவது நாற்காலியில்... ஒரு பெண்.

பச்சைப் புடவை. அவிழ்ந்த கூந்தல்.

"யாரோ குந்திகினு கீதே..."

"எங்க? காலியாத்தான கீது" என்றான் வீரராகவன்.

அவள் தலை மெல்லத் திரும்பியது.

தாயம்மா...

தெருவிளக்கின் கீழே ஓடித் தந்தியைக் கிழித்துப் பிரித்தான். வீரராகவன் எழுத்துக் கூட்டிப் படித்துச் சொன்னான். அப்பாவைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. 'தாயம்மா கவலைக்கிடம். உன் குரல் கேட்க வேண்டும் என்கிறாள். ஆஸ்பத்திரிக்கு உடனே போன் செய்.' கீழே நம்பர்.

டெலிபோன் ஆபீசுக்கு ஓடினார்கள். லைன் கிடைத்தபோது மணி 1.40. எதிர்முனையில் லட்சுமணன்.

"எட்டு மணிக்கே பூட்சிண்ணா..."

மெட்ராசில் எட்டு என்றால் அப்போது சிங்கப்பூரில் பத்து.

ஊர் வந்து சேர்ந்ததும் தாயம்மாவின் தங்கை புஷ்பா நடந்ததைச் சொன்னாள். கடைசி வரை அக்கா பக்கத்தில் இருந்தவள் அவள்தான்.

"ஜொரத்துல உளறுதுன்னுதான் நெனச்சோம் மாமா. 'குச்சில துன்றாரு, மேலெல்லாம் ஊத்திகினு சிரிக்கறாரு. நான் பக்கத்துலயே கீறேன், என்னாண்ட பேச மாட்டேன்றாரு'ன்னு பொலம்பிகினே இருந்திச்சி. அப்பால, 'ரொம்ப வேகமா நடக்கறாரு, என்னால முடில'ன்னுச்சி. கடைசியா, 'நெறய நாற்காலி காலியா கீது, நான் போய்க் குந்தறேன்'னுச்சி. அவ்ளோதான்."

போன் ஒன்று போட்டிருந்தால் அவள் ஆசைப்பட்ட குரலைக் கேட்டுவிட்டுப் போயிருப்பாள். நூடுல்ஸ் தின்பதற்காக அதைக் கெடுத்தவன் செங்கல்வராயன்.

புஷ்பா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "தந்தி உனுக்கு எப்ப மாமா கெடச்சிது?"

"பாதி ராத்திரிலதான்..." என்றான்.

புஷ்பா அவனை நிமிர்ந்து பார்த்தாள்.

"அக்கா சாயங்காலமேன்னு சொல்லிச்சே."