அறுபதைத் தாண்டாத மார்க்கு

அந்த ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் அவருக்கு மார்க்கு மாமா என்றுதான் பெயர். பெரிய விரிப்பை மடிக்க இரண்டு பேர் வேண்டும். ஆளுக்கு இரண்டு முனையைப் பிடித்து, எட்ட நின்று உதறி, கிட்ட வந்து சேர்க்க வேண்டும். வாய் சும்மாதானே இருக்கிறது? இருபத்திரண்டு வருடமாக மாமா அந்த வாயால் சினிமாவுக்கு மார்க்குப் போட்டுவந்தார். எந்தப் படமும் அறுபதைத் தாண்டியதில்லை. ஊரே தலையில் தூக்கிவைத்து ஆடிய படத்துக்கு முப்பத்தெட்டு போட்ட மனிதர். தாட்சண்யம் பார்த்து ஒரு மார்க்கு கூட்டியிருந்தால் கேளுங்கள்.

அன்று எதிர்முனையில் நின்ற அக்கா, முந்தின நாள் பார்த்த படத்தைக் கிழித்துத் தொங்கவிட்டுக்கொண்டிருந்தாள்.

"கதைதான் இல்ல, பொணத்தையாவது ஒழுங்காப் படுக்க வெச்சிருக்கலாம். வயிறு ஏறி ஏறி இறங்குது மாமா! தியேட்டரே சிரிச்சுது."

இஸ்திரி மெஷின் பக்கம் நின்றவர்களும் சிரித்தார்கள்.

"நீங்க பாத்தாச்சா? எவ்வளவு போடுவீங்க?"

மாமாவின் கையிலிருந்து விரிப்பு நழுவியது. அந்தப் பிணம் அவருடைய மகன். ஏழு வருடம் வாய்ப்புக்காக நாயாய் அலைந்தவனுக்குக் கிடைத்த முதல் வேஷம். மாமா முதல் நாளே போய்ப் பார்த்துவிட்டார். வெள்ளைத் துணிக்குள் பிள்ளை கிடந்த கிடையை அவரால் தாங்க முடியவில்லை. சுற்றிலும் சிரித்தார்கள், அவருக்கோ அந்த வயிறு அசைந்தபோதுதான் உயிரே வந்தது. இதை இவர்களிடம் எப்படிச் சொல்வது?

"இன்னும் பாக்கலம்மா" என்று குனிந்து விரிப்பை எடுத்தார். பெற்ற பிள்ளையையே யாரோ என்று சொல்லிவிட்ட மாதிரி இருந்தது.

சாப்பாட்டு நேரத்தில் மகன் போன் செய்தான்.

"அப்பா, படம் பாத்தீங்கல்ல? ஒண்ணுமே சொல்லல. நாளைக்கு டைரக்டரப் போய்ப் பாத்து வசனம் உள்ள வேஷமா கேக்கலாமா, இல்ல எல்லாத்தையும் விட்டுட்டு கடை வேலைக்குப் போயிடலாமா? உங்க மார்க்க வெச்சுத்தான் முடிவு பண்ணப்போறேன். எனக்கு எத்தன?"

உண்மையைச் சொன்னால் பிள்ளை ஒடிந்துபோவான். மார்க்கில் பொய் சொல்லியோ மாமாவுக்குப் பழக்கமில்லை. பள்ளிக்கூட நாளில் அவன் மேடையேறி நடித்ததற்கே நாற்பதுதான் கொடுத்தவர். கூடத்துக்குள்ளிருந்து இன்னும் சிரிப்புச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. மாமா போனைக் காதோடு அழுத்திக்கொண்டார்.

"நூறு" என்றார்.



"அவ்வளவு மோசமாப்பா?"