பவுனு கழுத்துச் சுழி

அன்புச்செல்வியைப் பற்றி எங்கள் தெருவில் ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள். குதிரையை ஓட்டிக்கொண்டு ஓடிப்போய்விட்டாள் என்று ஒருத்தி வாய் கூசாமல் சொன்னாள். செல்வி ஓடவில்லை, நடந்துதான் போனாள். பட்டப்பகலில், தெருவே பார்க்க, செங்கம் ரோட்டில் இருக்கும் என் டிபன் கடையைத் தாண்டித்தான் போனாள். அதனால் நடந்தது என்னவென்று நான் சொல்வதைக் கேளுங்கள்.

செல்வியின் புருஷன் தருமன் கல்யாணக் குதிரைக்காரன். திருவண்ணாமலையிலும் சுற்றுப்பட்டு ஊர்களிலும் மாப்பிள்ளை அழைப்புக்குக் குதிரை வேண்டுமென்றால் அவனைத்தான் கூப்பிடுவார்கள். குதிரையின் பெயர் பவுனு. செம்பட்டை நிறத்தில் ஒரு பெண் குதிரை. தருமன் தலைப்பாகை கட்டிக்கொண்டு முன்னால் நடப்பதோடு சரி. கொள்ளு வேகவைப்பது, உடம்பு தேய்த்துவிடுவது, நெற்றிப்பட்டம் கட்டிச் சிங்காரிப்பது எல்லாம் செல்வி. வெடிச் சத்தத்துக்குப் பவுனு மிரண்டால் தருமனால் அடக்க முடியாது. பின்னால் வருகிற செல்விதான் ஓடிவந்து அதன் கழுத்தில் கை வைப்பாள். உடனே அடங்கிவிடும்.

போன ஆவணியில் தருமன் செத்துப்போனான். சர்க்கரை வியாதி. மாத்திரையை ஜன்னலுக்கு வெளியே எறிந்துவிட்டு, போகிற கல்யாணத்தில் எல்லாம் ஜாங்கிரி தின்றவன். காலில் புண் வந்தது, புரையோடியது, போய்ச் சேர்ந்தான். ஊருக்கே தெரிந்த சங்கதி.

ஆனால் காரியத்தன்று அவன் தம்பி புகழேந்தி பவுனுவின் கழுத்தடியைத் தடவிப் பார்த்துவிட்டு, "இரட்டைச் சுழி. புருஷனைத் தின்ற சுழி" என்றான். எங்கள் பக்கம் மாடோ குதிரையோ வாங்குகிறவர்கள் முதலில் சுழிதான் பார்ப்பார்கள். மயிர் எங்கே சுழித்திருக்கிறது என்று பார்த்து ராசி சொல்வார்கள். கயிறு யார் கைக்குப் போகிறதோ, சுழியின் நல்லதும் கெட்டதும் அவர் வீட்டுக்குப் போகும். கயிற்றைக் கை நீட்டி வாங்கிவிட்டால் அப்புறம் பேச்சே கிடையாது.

எனக்கு வந்ததே கோபம். இத்தனை வருஷமாக எத்தனை மாப்பிள்ளைகளைச் சுமந்த குதிரை. அதில் ஒருத்தனாவது செத்தானா? எல்லாரும் தொப்பை போட்டுக்கொண்டு என் கடையில்தான் பொங்கல் தின்கிறார்கள். இதைப் புகழேந்தியிடமே கேட்டேன்.

"உனக்கு இன்னா தெரியும்? நீ போய் இட்லியைப் பாரு" என்றான்.

பேச்சு பரவியதும் குதிரையைக் கூப்பிட ஆளில்லை. புருஷனைத் தின்னும் குதிரை என்று கேள்விப்பட்ட பிறகு எந்தப் பெண்ணைப் பெற்றவள் மாப்பிள்ளையை அதன்மேல் ஏறவிடுவாள்? கொஞ்ச நாள் கழித்துப் புகழேந்தியே ஒரு வழி சொன்னான். "அண்ணி, புரோக்கர் ஒருத்தர் வராருங்க. நீங்களே கயிறை அவர் கையில குடுத்துடுங்க." கயிறு தன் கைக்கு வராமல் காரியம் முடிய வேண்டும். அதில் மட்டும் படு உஷார்.

அந்தப் புரோக்கர் அடிமாட்டு லாரிக்காரன் என்று செல்வி விசாரித்துத் தெரிந்துகொண்டாள். அன்றைக்கு என் கடை பெஞ்சில் உட்கார்ந்து அழுதாள். தருமன் செத்தபோதுகூட அவள் அப்படி அழுது நான் பார்க்கவில்லை. அழுது முடித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, சம்பந்தமே இல்லாமல் கேட்டாள்.

"அக்கா, பீச்சுல குதிரை ஏறுறவங்க சுழி பாப்பாங்களா?"

மகாபலிபுரத்தில் அவளுடைய சித்தி மகள் சரசு சங்குக் கடை வைத்திருக்கிறாள். அங்கே மணலில் குதிரைச் சவாரி நடக்கிறது. செல்வி போன் பண்ணினாள், சரசு வரச் சொல்லிவிட்டாள். ஆனால் குதிரையை ஏற்றிக்கொண்டு போக ஒரு வேன்காரனும் சம்மதிக்கவில்லை. ஒருத்தன், "எனக்கு இப்பத்தான்க்கா கல்யாணம் ஆச்சு" என்று கும்பிடு போட்டுவிட்டுப் போனான்.

"வண்டி கெடைக்கலன்னா இன்னாடி பண்ணுவ?" என்றேன்.

"எனக்குக் காலு இருக்குது. அதுக்கு நாலு இருக்குது. கீழ்பென்னாத்தூர், செஞ்சி, திண்டிவனம், மரக்காணம். அப்புறம் கடலைப் பாத்துக்கினே போவேன்."

லாடம் புதிதாக அடித்தாள். வேண்டுமென்றே செவ்வாய்க்கிழமையாகப் பார்த்துக் கிளம்பினாள். பவுனு முதுகில் கொள்ளு மூட்டை, பக்கெட், போர்வை. நெற்றியில் கல்யாணத்துக்குக் கட்டுகிற அதே ஜிகினாப் பட்டம். என் கடைக்கு எதிரே வரும்போது புகழேந்தி குறுக்கே வந்து நின்றான்.

"அண்ணி, பொம்பள குதிரையைப் புடிச்சிக்கினு ரோட்டுல போனா எங்க மானம் இன்னாவறது? எங்க அண்ணன் வாங்குன குதிரை. எங்க குடும்பத்துச் சொத்து. உட்டுட்டுப் போங்க."

செல்வி நின்றாள். "உன்னுதா?"

"ஆமா. எங்களுதுதான்."

"அப்ப இந்தா" என்று கயிற்றை நீட்டினாள்.

புகழேந்தி முகத்தில் ஈயாடவில்லை. கை பாதி தூக்கியபடியே நின்றது. அதற்குள் அவன் பெண்டாட்டி மணிமொழி சோப்பு நுரைக் கையோடு வீட்டிலிருந்து ஓடிவந்து அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "கயிறைத் தொட்ட, நடக்கறதே வேற. எனக்கு ரெண்டு புள்ளைங்க இருக்குது."

"புடி தம்பி. உன்னுதுன்னு சொன்னியே" என்றாள் செல்வி.

அவன் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டான். டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் பார்த்தார்கள். எனக்கு அப்படியே குளுகுளுவென்று இருந்தது.

"எல்லாரும் பாத்துக்கோங்க. கயிறை நீட்டுனேன், வாங்கல. இனிமே இது யாரு குதிரைன்னு எவனும் கேக்கக் கூடாது" என்றாள். பிறகு அவனிடம், "அந்தச் சுழி புருஷனைத்தான தின்னும்? எனக்குத்தான் இல்லியே. நான் இன்னாத்துக்குப் பயப்படணும்?" என்றாள்.

நான் ஓடிப்போய் இட்லிப் பொட்டலத்தை அவள் பையில் திணித்தேன். சட்னி தனியாகக் கட்டியிருக்கிறேன், மதியத்துக்குள் சாப்பிட்டுவிடு என்றேன். தலையாட்டிவிட்டு நடந்தாள். லாடச் சத்தம் தேரடி வரைக்கும் கேட்டிருக்கும்.

நேற்று மகாபலிபுரத்திலிருந்து போன் பண்ணினாள். இரண்டு பேருக்கும் கால் வீக்கம் வடிந்துவிட்டதாம். முதல் சவாரி யார் என்று கேட்டேன்.

"புதுசா கல்யாணம் ஆன ஜோடிதான்க்கா. கழுத்துல தாலி மஞ்சகூட காயல."

"அய்யோ, சுழியைப் பத்திச் சொன்னியா?"

"சொன்னேனே. நாளைக்கு யாரும் மறைச்சேன்னு சொல்லக் கூடாது பாரு. அந்தப் பொண்ணு சிரிச்சிட்டு, எங்க காட்டுங்கன்னுச்சு. சுழிமேல கையை வெச்சிக்கினு ரெண்டு பேரும் போட்டோ எடுத்தாங்க. என் போன்லயும் ஒண்ணு எடுத்துக்கினேன்."

அந்தப் போட்டோவை எனக்கு அனுப்பினாள். நான் புகழேந்திக்கு அனுப்பினேன். பார்த்துவிட்டான், நீல டிக் விழுந்திருக்கிறது.