மாலக்கி சொன்ன பதில்

எங்கள் கிளேர் மாவட்டத்து ஆண்களின் வாயிலிருந்து ஒரு பதிலைப் பிடுங்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். அதிலும் மாலக்கி ஹெஹிர் தனி ரகம். மழை கொட்டினாலும் "கிராண்ட்", பசு கன்று போட்டாலும் "கிராண்ட்". நன்றாக இருக்கிறது, பரவாயில்லை என்பதற்கெல்லாம் எங்கள் ஊரில் அந்த ஒரே சொல்தான். அப்பாவைப் புதைத்துவிட்டு வந்த அன்று, எப்படி இருக்கிறாய் என்று கேட்டவர்களுக்கும் அதே பதில்தான்.

தபாலாபீஸ் நடத்திய பிலோமினாவுக்கு இது தெரியாததா? வருடக்கணக்காகச் சனிக்கிழமை நடனத்துக்கு அவளைக் கூட்டிப்போய், வாசலில் இறக்கிவிட்டு, தொப்பியைத் தொட்டுவிட்டுப் போகிறவன் அவன். நாற்பதைத் தாண்டியவளுக்குப் பொறுமை போய்விட்டது. லீப் வருடத்துப் பிப்ரவரி இருபத்தொன்பதில் பெண்ணே ஆணிடம் கல்யாணம் கேட்கலாம் என்பது ஊர் வழக்கம். அன்று தபால்தலை வாங்க வந்தவனிடம் கேட்டே விட்டாள்.

"நாம கல்யாணம் பண்ணிக்கலாமா, மாலக்கி?"

"கிராண்ட்" என்றான். தபால்தலையை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

அதன்பின் அவளுக்கு ஒரு வாய் இறங்கவில்லை. சம்மதமா? டீ வேண்டாம் என்பதற்கும் எங்கள் ஊரில் அதே சொல்தானே! ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் தவக்காலம் தொடங்கி, கல்யாணப் பேச்சோடு நடனமும் ஊரில் நின்றது. அவன் வராதது அதனாலா, தன்னாலா என்றும் புரியவில்லை.

லத்தீன் படித்த பங்குச்சாமியாரிடம் போய் அந்தச் சொல்லுக்கு என்னதான் அர்த்தம் என்று கேட்டாள். லத்தீனில் பெரியது என்று பொருள், பிரெஞ்சுக்காரர்கள் வழியாக இங்கிலீஷுக்கு வந்தது, பிரபுக்களுக்கும் மாளிகைகளுக்கும் சொன்ன சொல் என்றார் அவர். எங்கள் ஊர் வந்து சேர்வதற்குள் கழுதை தேய்ந்து கட்டெறும்பாகிவிட்டது, அவ்வளவுதான்.

"அப்ப அவன் சொன்னது பெரிய ஆமாவா, பெரிய இல்லையா, சாமி?"

சாமியார் அவளை வாசல்வரை கொண்டுவந்து விட்டார். விடைபெறும்போது, உடம்பு எப்படி இருக்கிறது என்று மரியாதைக்குக் கேட்டாள். "கிராண்ட்" என்றார் அவரும். அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

ஊர் சிரிப்பதற்குள் தானே முடித்துவிடுவது என்று, ஈஸ்டருக்கு முந்தைய நாள் அவன் வயலுக்கே போனாள். உருளைக்கிழங்குக்குப் பாத்தி வெட்டிக்கொண்டிருந்தான்.

"அன்னைக்கு நான் எதுவும் கேக்கலன்னு வெச்சுக்கோ, மாலக்கி. விட்டுடலாம்."

வழக்கமான பதிலுக்குக் காத்து நின்றாள். மண்வெட்டி பாதியில் நின்றது. அவன் முகம் வெளுத்துவிட்டது.

"அது கிராண்ட் இல்ல, பிலோ."

சேற்றுக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, பையிலிருந்து ஒரு மோதிரத்தை எடுத்தான். அவள் கேட்ட மறுநாளே வாங்கியதாம். தவக்காலம் முடியட்டும் என்று இருந்தானாம்.