மோச்சி செய்த ஞாயிற்றுக்கிழமை

எனக்குக் கல்யாணமாகிக் கள்ளக்குறிச்சிக்கு வந்த முதல் வருடம் நடந்தது இது. அப்போதுதான் மாமனாருக்குப் பல்செட் கட்டியிருந்தார்கள். அதிரசம், முறுக்கு எல்லாம் அவருக்கு அத்தோடு போயிற்று. நாங்கள் தின்னும்போது அவர் டீயை மட்டும் குடித்துவிட்டு எழுந்து போய்விடுவார். பார்க்கக் கஷ்டமாக இருக்கும்.

ஒருநாள் போனில் மோச்சி என்ற ஜப்பான் இனிப்பைப் பார்த்தேன். கிட்டத்தட்ட நம் பூரணக் கொழுக்கட்டைதான். ஆனால் விரலால் அழுத்தினால் பஞ்சு மாதிரி அமுங்குகிறது. மாமாவுக்கென்றே செய்தது என்று தோன்றியது. அதற்கான ஒட்டும் அரிசி மாவை ஆன்லைனில் வரவழைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மாவைச் சர்க்கரைத் தண்ணீரில் கரைத்து, இட்லிப் பானையில் வேகவைத்தேன். களி மாதிரி கையெல்லாம் ஒட்டியது. சோளமாவைத் தூவித் தூவி, வெல்லம் போட்டு மசித்த காராமணியை உள்ளே வைத்து உருட்டினேன். மாமியார் சமையலறை வாசலில் நின்று பார்த்தார். அப்போதெல்லாம் என்னிடம் அதிகம் பேச மாட்டார். "இன்னாமா இது, இந்த இழுவ இழுக்குது?" என்று மட்டும் கேட்டார்.

மாமா ஒன்றை முழுசாக வாயில் போட்டுக்கொண்டு, டிவியில் எதையோ பார்த்துச் சிரித்தார். அவ்வளவுதான். சத்தம் நின்றுபோயிற்று. கை தொண்டைக்குப் போனது, கண் பிதுங்கியது. இருமல்கூட வரவில்லை. நான் தண்ணீர்ச் சொம்போடு ஓடினேன்.

"தண்ணி குடுக்காத!" என்று கத்திக்கொண்டே வந்த அத்தை, அவரை முன்பக்கமாகக் குனியவைத்து, ஒரு கையால் மார்பைத் தாங்கிப் பிடித்து, மறு கையால் நடு முதுகில் ஓங்கி ஓங்கி அடித்தார். மாமாவின் உதடு கறுக்க ஆரம்பித்திருந்தது. இன்னும் ஓர் அடி. பல்செட்டும் அந்த வெள்ளை உருண்டையும் சேர்ந்து தரையில் விழுந்தன. மாமா இழுத்த அந்த மூச்சின் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். பயமில்லை என்றார் டாக்டர். இப்படி ஒட்டுகிற பண்டத்தை வயதானவர்களுக்கு முழுசாகக் கொடுக்கவே கூடாது என்றும் சொன்னார். எனக்கு உயிரே இல்லை.

சாயங்காலம் திருக்கோவிலூரிலிருந்து நாத்தனார் அழுதுகொண்டே வந்து சேர்ந்தார். வாசலிலேயே குரல் கேட்டது. "யாரு செஞ்சது அத? யாரக் கேட்டுச் செஞ்சீங்க?"

நான் வாயைத் திறப்பதற்குள் அத்தை முன்னால் வந்து நின்றார். "நாந்தான் செய்யச் சொன்னேன். போன்ல பாத்தேன். ஆசையா இருந்துச்சு."

போனில் பச்சைப் பொத்தானைத் தவிர வேறெதையும் தொடாதவர் அவர்.

"இந்த வயசுல உனக்கு இன்னாம்மா ஆச? அப்பாவுக்கு ஏதாச்சும் ஆகியிருந்தா?" என்று நாத்தனார் வாங்கு வாங்கென்று வாங்கினார். அத்தை தலையைக் குனிந்துகொண்டு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். உண்மை தெரிந்த மாமாவோ கட்டிலில் கண்ணை மூடித் தூங்குவதுபோல் படுத்திருந்தார்.

சமையலறைக்குப் போய் நான் தேம்பினேன். பின்னாலேயே வந்தார் அத்தை.

"நான் செஞ்சதுக்கு நீங்க ஏன் அத்த பேச்சு வாங்கணும்?"

"எம் பொண்ணு என்னத் திட்டினா நாளைக்கே மறந்துடுவா. உன்னத் திட்டினா நீ மறப்பியா?" என்றார். பிறகு குரலைத் தணித்து, "பல்லு போனதுல இருந்து அந்த மனுசன் இன்னா தின்னாரு, தின்னலன்னு இந்த வூட்ல யாரு பாத்தோம்? நீதான் பாத்த. அழுதுகினு நிக்காத, அவருக்குக் கஞ்சி வை" என்றார்.

இப்போது அத்தையும் நானும் பேச உட்கார்ந்தால் அடுப்பில் பால் பொங்குவதுகூடத் தெரிவதில்லை. புகுந்த வீடு உனக்கு எப்போது சொந்த வீடானது என்று யாராவது கேட்டால், எனக்காக அவர் ஒரு பொய் சொன்ன அந்தச் சாயங்காலத்தைத்தான் சொல்வேன்.