டமால் இல்லாத நாற்பது நிமிடம்

கண்ணாடி அக்கா புருஷனை விட்டுவிட்டு 'உண்மை ரசிகன்' என்கிற ஆளோடு ஓடப்போகிறாள் என்று தெரு முழுக்கப் பேச்சு. மருந்துக்கடையில் அது வெறும் சந்தேகம். சலூனுக்குப் போனபோது மீசை முளைத்தது. தையல்கடைக்கு வருவதற்குள் பெட்டியே கட்டியாகிவிட்டது. நடந்தது வேறு. உட்காருங்கள், அதைச் சொல்லிவிடலாம்.

அக்கா மருந்துக்கடையில் பில் போடுகிறவள். புருஷன் ஃபிரிட்ஜ் மெக்கானிக். இருவரும் சேர்ந்து போனில் அரை நிமிட வீடியோ போட்டார்கள். எல்லாவற்றுக்கும் ஒரே முடிவுதான். அக்கா மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி ஒரு வார்த்தை சொல்வாள். அவன் நாற்காலியோடு மல்லாந்து டமாலென்று விழுவான். விழுந்தே பேர் வாங்கினவன். ரிப்பேருக்குப் போகிற வீட்டில் "டமால் மாமா வந்துட்டார்!" என்று பிள்ளைகள் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு ஓடிவரும். ஒருதடவை விழுந்தால்தான் ஃபிரிட்ஜைத் தொட விடுவார்கள். இடுப்பு கழன்றாலும் அவனுக்கு வாயெல்லாம் பல்.

ஒருநாள் அக்கா சொன்னாள். "இனிமே நான் உக்காந்து பேசப்போறேங்க. சீரியலைப் பத்தி, நாப்பது நிமிஷம்."

"நாப்பதா? எத்தன தடவ விழணும்?"

"நீங்க விழ வேண்டாம்."

விழாமலேயே டமாலுக்கு அடிபட்டது அன்றைக்குத்தான்.

படுக்கையறைக் கதவைச் சாத்திக்கொண்டு அக்கா பேச ஆரம்பித்தாள். ஃபிரிட்ஜ் உறுமுவது மைக்கில் கேட்கிறதாம். பதிவு முடியும்வரை அணைத்து வைக்க வேண்டுமாம். ஊரார் ஃபிரிட்ஜை எல்லாம் ஓட வைக்கிறவன், சொந்த ஃபிரிட்ஜை அணைத்துவிட்டுக் கதவுக்கு வெளியே ஸ்டூலில் காவல் இருந்தான். உள்ளே அக்கா சீரியல் மாமியார் எப்படி அழுவாள், அழுதுகொண்டே எப்படிக் கதவு இடுக்கில் ஒட்டுக் கேட்பாள் என்று பிரித்து மேய்ந்தாள். பார்க்கிற கூட்டம் மளமளவென்று ஏறியது. ஒருத்தர், ஒரே ஒருத்தர்கூட "டமால் எங்கே?" என்று கேட்கவில்லை. வயிறு எரிய வேறென்ன வேண்டும்?

யாரும் கேட்காவிட்டால் நாமே கேட்டுக்கொள்வோம் என்று 'உண்மை ரசிகன்' என்ற பெயரில் கணக்குத் தொடங்கினான். "பேச்சு சுமார். டமால் இருந்தால் களைகட்டும்" என்று எழுதினான். அடுத்த வீடியோவில் அக்கா அதை வாசித்தாள்.

"உண்மை ரசிகன் சார், வெளிப்படையா சொன்னதுக்கு நன்றி. உங்கள மாதிரி கவனிச்சு கேக்குறவங்களுக்காகத்தான் நான் பேசுறேன்."

குரலில் தேன் வேறு. ஸ்டூலில் இருந்தவனுக்குச் சுருக்கென்றது. சாரா? தாலி கட்டின நாளிலிருந்து நம்மை ஒருதடவை சார் என்றிருப்பாளா? யார் அந்தப் பயல்? தான்தான் என்று தெரியும். தெரிந்தும் ஆறவில்லை. அவனைத் தலைமுழுகவும் மனசு வரவில்லை. இன்னொரு 'சார்' கிடைக்குமே என்று வீடியோவுக்கு வீடியோ எழுதினான். கிடைத்ததும் பல்லைக் கடித்தான்.

ஒரு ராத்திரி சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டுக் கத்தினான். "யாரு அந்த ஆளு? அவன்கிட்ட மட்டும் ரொம்பத்தான் குழையுற!"

"அவரு உக்காந்து முழுசா கேக்குறாரு. நீங்க என் வீடியோ ஒண்ணையாவது கடைசி வரைக்கும் பாத்திருக்கீங்களா?"

பதிலைச் சொன்னால் மாட்டிக்கொள்வான். தள்ளின தட்டை இழுத்துச் சோற்றை விழுங்கினான். இதெல்லாம் மாடி வீட்டு ரிட்டயர்டு கண்டக்டர் காதில் விழுந்தது. காலையில் அக்கா வேலைக்கு வருமுன்பே மருந்துக்கடைக்கு இருமல் மருந்து வாங்கப் போனவர், மருந்தை மறந்தாலும் இதை மறக்காமல் கொடுத்துவிட்டு வந்தார்.

அந்த வாரப் பதிவில் மாமியாராக அழும்போது அக்காவுக்கு விக்கல் வந்தது. அழுகை நிற்காமலே, "ஐயோ... தண்ணி... கொண்டாடி மருமகளே!" என்றாள். மானம் போகிறது என்று அந்த இடத்தை வெட்டிவிட்டுத்தான் வீடியோவை ஏற்றினாள். ஏற்றின சூட்டோடு உண்மை ரசிகன் எழுதினான்: "விக்கலோடு தண்ணி கேட்ட இடம் பிரமாதம். தனியாகச் சிரித்தேன்."

அக்கா அதை இரண்டு தடவை படித்தாள். கதவைத் திறந்தாள். ஸ்டூலில் டமால், கையில் போன், வாயெல்லாம் சிரிப்பு. அவள் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அடுத்த பதிவன்று ஃபிரிட்ஜை அணைக்கக்கூட விடாமல் அவனையும் ஸ்டூலையும் உள்ளே இழுத்தாள். அவனுக்குப் பழைய ஞாபகம். விழுவதற்கு வாகாக இடுப்பை வளைத்தான்.

"விழாதீங்க. எப்பவும் போல உக்காந்து கேளுங்க, சார்."

அந்த 'சார்' காதில் ஏறியதும் அவன் திருதிருவென்று விழித்தான். அக்கா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு போனைப் பார்த்தாள்.

"நான் உண்மை ரசிகனோட ஓடப்போறேன்னு பேசிக்கிறீங்களாமே. சுத்தப் பொய். அந்தாளோட பதினாலு வருஷமா ஒரே வீட்டுலதான் இருக்கேன். பதிவு நேரத்துல ஃபிரிட்ஜ அணைக்குறது ஒண்ணுதான் அவருக்கு வேலை. இன்னிக்கி ஓடுறது அந்த ஃபிரிட்ஜ் மட்டுந்தான், கேக்குதா?"