அக்கா வீட்டுச் சுவரில் ஓர் உழவாரன்

இரண்டு ஆண்டுகளுக்கு முன், ஹனோவரில், ஜூன் கடைசி வாரத்தில் ஒரு நாள், மாலை எட்டு மணி நாற்பது நிமிடம். முதலில் கண்ணில் பட்டது ஒரு கறுப்புக் கோடு. எதிர்க் கட்டடத்தின் கூரை விளிம்பை நோக்கி வந்தது, மழைநீர்த் தகரத்துக்கு அடியில் மறைந்தது. அவ்வளவுதான். கோடையில் இங்கே அந்த நேரத்திலும் பகல்தான். ஆனால் அன்று மேகமூட்டம். கூரைக்கு அடியில் வெளிச்சம் வற்றிப்போயிருந்தது.

நான் சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். பறவைகளைப் படம் எடுப்பது என் பொழுதுபோக்கு. அதனால் அந்தக் கோடு உழவாரன் குருவியாகத்தான் இருக்கும் என்று தெரிந்தது. அரிவாள் போல வளைந்த இறக்கை, கம்பியிலோ கிளையிலோ உட்காராத பழக்கம், அம்பு வேகம். ஆப்பிரிக்காவிலிருந்து மே மாதம் வரும். கட்டட இடுக்குகளில் முட்டையிட்டு, குஞ்சு பொரித்து, ஆகஸ்டில் போய்விடும்.

அது மறைந்த இடம் எதிர்க் கட்டடத்தின் மேல்மாடியில், ஓர் அக்காவின் படுக்கையறைச் சன்னலுக்கு நேர் மேலே. அக்காவும் அவர் கணவரும் யாழ்ப்பாணத்திலிருந்து இளவயதில் இங்கே வந்தவர்கள். நான் தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்தவள். குடிவந்த வாரமே புட்டும் சம்பலுமாக என் கதவைத் தட்டியவர் அந்த அக்கா. அவர் கணவரை எல்லாரையும் போல நானும் அண்ணை என்றே கூப்பிடுவேன்.

அவர்கள் படுக்கையறையில் அந்தச் சன்னல் இருக்கும் வடக்குச் சுவர் குளிர்காலத்தில் ஈரம் பிடித்துக் கறுக்கும். அண்ணைக்கு ஆஸ்துமா. பனி நாட்களில் தலையணைகளை அடுக்கி, உட்கார்ந்தபடியே தூங்குவார். கட்டட நிர்வாகத்துக்கு ஆண்டுக்கணக்கில் எழுதி, ஒருவழியாகப் பழுதுபார்க்க நாள் வாங்கியிருந்தார்கள். சாரம் கட்டி, கூரை விளிம்பின் இடுக்குகளை நுரை அடித்து மூடி, சுவருக்கு வெளியே குளிர்தாங்கும் பலகை ஒட்டுவார்கள். சாரத்துக்கான குழாய்கள் ஏற்கெனவே முற்றத்தில் வந்து இறங்கியிருந்தன.

குஞ்சு இருக்கும் கூட்டை அடைப்பது இந்த நாட்டில் குற்றம். தெரியவந்தால், குஞ்சுகள் பறக்கும்வரை அந்தப் பக்கம் வேலை நிற்கும். அதற்குள் தொழிலாளர்கள் வேறு இடத்துக்குப் போய்விடலாம். பிறகு மழை, பிறகு பனி. தெரியவராவிட்டால், குஞ்சுகள் உயிரோடு உள்ளே மூடப்படும். நான் கண்டதோ ஒரு கோடு மட்டும். அதை வைத்து எதையும் சொல்ல முடியாது.

மறுநாள் சமையலறைச் சன்னலில் கேமராவை நிறுத்தினேன். பறவையைத் துரத்திக் குவியப்படுத்துவது நடக்காது என்பதால், லென்ஸை அந்த இடுக்கின் மேலேயே குவித்து வைத்துக் காத்திருந்தேன். முதலில் நொடியில் ஐந்நூறில் ஒரு பங்கு ஷட்டர் வேகம். சுவர் சுத்தமாக விழுந்தது. பறவை, விரலால் தேய்த்த கரிக்கோடு போல இழுபட்டிருந்தது. வேகத்தை மூவாயிரத்துக்கு மேல் ஏற்றினேன். படம் இருண்டது. இருட்டை ஈடுகட்ட ஐஎஸ்ஓவை, அதாவது கேமராவின் ஒளியுணர்திறனைக் கூட்டினேன். இப்போது படம் முழுக்க மணல் தூவியது போல் புள்ளிகள். படம் எடுப்பவர்கள் இதை நாய்ஸ் என்பார்கள். இதற்குப் பயந்துதான் நான் எப்போதும் வேகத்தைக் குறைத்தே வைப்பேன்.

எதிரே சன்னல் திறந்தது.

“என்ன பிள்ளை, எங்கட யன்னலையோ படம் எடுக்கிறீர்? அண்ணை இங்க வெறும் மேலோட நிக்கிறார்.”

“இல்லக்கா, குருவி.”

“குருவியோ! அதுக்கு என்ர யன்னல்தானோ கிடைச்சது?”

சிரித்துக்கொண்டே திரையை இழுத்துவிட்டார். நானும் சிரித்தேன். விஷயத்தைச் சொல்லவில்லை.

அன்றும் அடுத்த நாளும் எடுத்த நூற்றுக்கணக்கான படங்களில் ஒன்றில்தான் பறவை உறைந்திருந்தது. இறக்கைகள் பின்னால் மடங்க, தலை இடுக்கை நோக்கி இருந்தது. தாடைக்குக் கீழே தொண்டை உருண்டையாகப் புடைத்திருந்தது. உழவாரன் குஞ்சுக்குக் கொண்டுபோகும் பூச்சிகளை எச்சிலில் உருட்டித் தொண்டையில் வைத்திருக்கும். புடைத்த தொண்டை என்றால் உள்ளே குஞ்சு.

பழக்கத்தில், புள்ளிகளை நீக்கும் மென்பொருளில் அந்தப் படத்தைப் போட்டேன். மணல் போய்விட்டது. தொண்டையின் விளிம்பும் அதோடு போய்விட்டது. மெழுகில் செய்த பறவை போல் வழவழவென்று நின்றது. மாற்றத்தை ரத்து செய்து, புள்ளிகளோடு இருந்த மூலப்படத்தையே மடிக்கணினியில் எடுத்துக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போனேன். வேறு யாருக்கும் அனுப்புமுன் அவர்கள் பார்க்க வேண்டும் என்று தோன்றியது. அது அவர்கள் சுவர்.

அக்கா தேநீர் வைத்துவிட்டு எட்டிப் பார்த்தார். “என்ன இது, படத்துக்கும் பூஞ்சணம் பிடிச்சிருக்கு? எங்கட அறையைப் போல.”

“லைட் கம்மிக்கா. மெதுவா எடுத்தா சுத்தமா வரும், ஆனா குருவி கரைஞ்சுடும்.”

அண்ணை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். அவருக்கு உடனே புரிந்துவிட்டது.

“உதை ஆருக்குக் காட்டினனீர்?”

“யாருக்கும் இல்ல அண்ணை. உங்களுக்குத்தான் முதல்ல.”

“அப்ப அழிச்சுப்போட்டுத் தேத்தண்ணியைக் குடியும்.” அவர் முகத்தில் சிரிப்பு இல்லை. “எத்தினை வருசம் எழுதி நாங்கள் இந்த வேலைக்கு ஒரு நாள், ஒரு டெர்மின் எடுத்தனாங்கள். இவர் ஒரு கடிதமும் போடாமல் பறந்து வந்து அதைப் பறிக்கிறார். குருவிக்கு இந்த நாட்டில சட்டம் இருக்கு. என்ர நெஞ்சுக்கு என்ன இருக்கு?”

அவர் சொன்னதில் பிழை இல்லை.

அக்கா மட்டும் திரையை விட்டு விலகவில்லை. “உது என்ன, கழுத்தில கழலையோ?” என்றார். குஞ்சுக்குக் கொண்டுபோகும் இரை என்று சொன்னேன்.

“அப்ப உள்ளுக்கை பிள்ளையள் இருக்கு.” கணவர் பக்கம் திரும்பினார். “இரவில மேல கிரீச் கிரீச் எண்டு கேக்குது எண்டு நான் சொன்னனான் எல்லே? நீங்கள் எலி எண்டு பொறி வாங்கிக்கொண்டு வந்தியள்.”

“எலி எண்டே இருக்கட்டும்,” என்றார் அண்ணை.

“எலி எண்டு நினைச்சிருந்தா நானும் அடைக்க விட்டிருப்பன். இப்ப தெரிஞ்சுபோச்சு. மேல அந்தச் சத்தம் ஒரு நாள் நிண்டுதெண்டால் எனக்கு அந்த அறையில கிடக்க ஏலாது.”

அண்ணை எழுந்து பால்கனிக்குப் போனார். கதவைப் பலமாகச் சாத்தினார். அக்கா என் கோப்பையில் மறுபடி ஊற்றினார். முதல் தேநீரை நான் இன்னும் தொட்டிருக்கவில்லை, அது தட்டில் வழிந்தது. திரும்பி வந்த அண்ணை உட்காரவில்லை.

“அனுப்புறதெண்டால் வடிவா எழுதும். குருவி போன அடுத்த நாள் வந்து வேலையைத் தொடங்கவேணும் எண்டு. டொச்சில எழுதும். பெரிய எழுத்தில.”

அவர் சொன்னபடியே ஜெர்மனில் எழுதி, நகரின் இயற்கைப் பாதுகாப்பு அலுவலகத்துக்கும் கட்டட நிர்வாகத்துக்கும் அனுப்பினேன். சில நாட்களில் ஓர் அதிகாரி வந்தார். எதையும் நீக்காத மூலப்படம் இருக்கிறதா என்று கேட்டார். இப்போதெல்லாம் சுத்தமான படங்களைத்தான் நம்ப முடிவதில்லை என்றார். தொண்டையைப் பெரிதாக்கிப் பார்த்தார். பிறகு முற்றத்தில் நின்று பைனாகுலரில் கூரையைப் பார்த்தார். புள்ளிகளைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை.

மற்றப் பக்கங்களில் சாரம் ஏறியது. வடக்குப் பக்கம் மட்டும் வேலை நின்றது. ஆகஸ்ட் தொடக்கத்தில் ஒரு காலை வானத்தில் குருவிச் சத்தம் இல்லை, கிளம்பிவிட்டன. அன்றே நிர்வாகத்துக்கு எழுதினேன். மரியாதையான பதில் வந்தது. தொழிலாளர்கள் வேறு இடத்தில் இருக்கிறார்கள், வடக்குச் சுவர் அடுத்த வசந்தத்தில் நடக்கும் என்றார்கள்.

அண்ணை என்னை ஒரு முறையும் குறை சொன்னதில்லை. செப்டம்பரில் அவர்கள் கட்டடப் படிக்கட்டில் கண்டபோது, “என்ன, உங்கட ஆக்கள் ஆபிரிக்காவுக்குப் போய்ச் சேர்ந்திட்டினமோ?” என்று மட்டும் கேட்டார். அவர் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது அப்போதே கேட்டது.

அந்தப் படத்தை நான் எங்கும் காட்சிக்கு வைத்ததில்லை. வேகத்தைக் கூட்டினால் எதை இழப்போம், குறைத்தால் எதை இழப்போம் என்று கேமராவில் கணக்குப் போட எனக்குத் தெரியும். இரண்டிலும் இழப்பு படத்துக்குத்தான். இந்தப் படத்தில் அப்படி இல்லை. என் வீட்டுச் சுவர் காய்ந்த சுவர். இன்று நடந்தாலும் அந்தப் படத்தை எடுப்பேன், அனுப்புவேன். ஆனால் சரியானதைச் செய்தேன் என்று சொல்லிக்கொள்ளும்போதெல்லாம், அதற்கு ஈடு கொடுத்தவர்கள் முற்றத்துக்கு அந்தப் பக்கம் இருப்பது நினைவுக்கு வருகிறது.

டிசம்பரில் வடக்குச் சுவர் மறுபடி கறுத்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்கள் கட்டிலை வரவேற்பறைக்கு மாற்றினார்கள். அக்கா தலைமாட்டைப் பிடித்துக்கொள்ள, கால்மாட்டுப் பக்கத்தை நான் தூக்கினேன்.